படத்துக்கு ஓர் எழுத்து

நூலகத்தின் பின்னறையில் மாலை வெயில் மேசைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிறது. சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா நான்காவது பக்கத்தையும் நிரப்பிவிட்டுப் பேனாவை மூடுகிறாள். மகளுக்குத் தன் கையாலேயே எழுதிய முதல் கடிதம். சம்பளமில்லாமல் ஆறு மாதமாக அவளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்த கல்லூரிப் பெண்ணுக்கு, தானே பரீட்சை எழுதி முடித்ததுபோல் உள்ளங்கை வியர்க்கிறது. படமெடுக்க வந்த கல்லூரி ஊழியர் கேமராவைத் தாழ்த்துகிறார்.

"இதென்னம்மா, இவங்க நல்லாவே எழுதுறாங்க. நீ சொல்லிக்கொடுக்கிற மாதிரி தெரிய வேணாமா? வெள்ளைத் தாள் வச்சு 'அ' போடச் சொல்லு. கொஞ்சம் கோணலா."

அந்தப் படம் கல்லூரிக்குப் போனால்தான் பெண்ணுக்குத் தொண்டுச் சான்றிதழ் கைக்கு வரும். பெண் வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, "ஒரு நிமிஷந்தான்க்கா" என்கிறாள். அக்கா கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைக்கிறாள். சோப்புக் காரத்தில் வெளுத்துப்போன அக்காவின் மணிக்கட்டைப் பெண் பிடித்துக்கொள்கிறாள், சிரிக்கச் சொன்னதும் சிரிக்கிறாள். பேனா வேண்டுமென்றே தடுமாறுகிறது. அக்கா தாளைப் பெண்ணின் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள்.

"இந்தக் கோணல் போதுமா, டீச்சர்?"

நேற்றுவரை அக்கா அவளைக் கூப்பிட்டதெல்லாம் பாப்பா என்றுதான்.