காலி செய்யாத ஃபோல்டர்

கிறிஸ்துதாஸை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"நம்ம சைட்ல போன வருஷக் கூட்டத்து அழைப்பிதழும் கெடக்கு, இந்த வருஷத்ததும் கெடக்கு. பழைய தேதியப் பார்த்துட்டு ஒருத்தர் திருச்சியிலேருந்து வந்து நின்னாரு. பழசையெல்லாம் அழிக்க மாட்டியா?"

"கெடக்கட்டும் சைமா. சோறா கேக்குது?" என்று சிரித்தான்.

மறுவாரம் மாரடைப்பில் போய்விட்டான்.

சுரங்க வேலையில் ரிடையர் ஆனால், டவுன்ஷிப்பில் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்படி எங்கள் பிளாக்கை விட்டுப் பல ஊருக்குப் போனவர்களுக்காக அவன் நடத்திய இணையதளம் அது.

அதில் எல்லோரும் தேடிப் பார்ப்பது, என் மனைவி டெய்சி போட்ட மரப் படங்களை.

"எங்க வூட்டுப் பலா எப்படி இருக்குதுக்கா?" என்று எங்கிருந்தாவது போன் வரும். டெய்சி டவுன்ஷிப்புக்குப் போய், இப்போது யாரோ குடியிருக்கும் வீட்டில் அனுமதி கேட்டு, அந்த மரத்தைப் படம் எடுப்பாள். சனிக்கிழமை கிறிஸ்துதாஸ் வீட்டுக் கம்ப்யூட்டரில் தானே ஏற்றுவாள். அவன் போன பிறகும் ஏற்றினாள்.

போன வருஷம் அவளும் போனாள். நான் தினம் ஒரு மரமாவது பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

இந்த மாதம், சைட்டில் இடம் நிறைந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. பழைய பக்கத்து வீட்டு விஜயராஜ் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். லீவில் வந்தவனை, கிறிஸ்துதாஸின் மனைவி ஏஞ்சலின் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் தலையில் கை வைத்தான்.

"என்ன அங்கிள், இவ்ளோ குப்பை! நாம எழுதறது ஒரு ஃபோல்டர்ல இருக்கும். அத மெஷின் சைட்டுப் பக்கங்களா மாத்தி இன்னொரு ஃபோல்டர்ல வைக்கும். வைக்கிறதுக்கு முன்னாடி, அங்க இருக்கிற பழசையெல்லாம் காலி பண்ணிடும். குவார்ட்டர்ஸ்ல புது ஆள் வர்றதுக்கு முன்னாடி வெள்ளையடிக்கிறோமே, அந்த மாதிரி."

"பின்ன ஏன் பண்ணலை?"

"கிறிஸ்துதாஸ் அங்கிள் வேணாம்னு நிறுத்தி வச்சிருக்காரு. சுத்த சோம்பேறித்தனம்."

"மைன்ஸ்லயும் அவன் அப்படித்தான்டா. மண்ணு ஓடுற பெல்ட்டுக்கு அடியில கொட்டிக் கெடக்கறத அள்ளவே மாட்டான்," என்றேன்.

விஜயராஜ் முதலில் ஒரு நகல் எடுத்து, அதில் காலி செய்து ஓட்டிப் பார்த்தான். எல்லாப் பக்கங்களும் பளிச்சென்று வந்தன.

மரங்களைக் காணோம்.

"டெய்சி படம் எங்கடா?" என்றேன்.

அவன் ரொம்ப நேரம் தேடினான்.

"நல்லவேளை, நகல்ல ஓட்டினோம். ஆன்ட்டி நாம எழுதற ஃபோல்டர்ல போடவே இல்ல அங்கிள். நேரா மெஷினோட ஃபோல்டர்லயே போட்டுக்கினு வந்திருக்காங்க. கிறிஸ்துதாஸ் அங்கிள் காலி பண்றத நிறுத்தி வைக்கலைன்னா, ஒவ்வொரு வாட்டியும் அழிஞ்சிருக்கும்."

காபி கொண்டுவந்த ஏஞ்சலின் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அது அவருக்குத் தெரியும்ணா. மொத நாளே பார்த்துட்டாரு. சொல்லிக் குடுங்களேன்னு நான்கூடச் சொன்னேன். 'தங்கச்சி யாரையும் கேக்காம தானே போட்டுட்டேன்னு குதிச்சிக்கினு போவுது, அதுங்கிட்டப் போயி தப்புன்னா சொல்லச் சொல்ற? போடட்டும். நான் காலி பண்றத நிறுத்திடறேன்'னாரு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே! அன்னிக்கு அவ்ளோ திட்டினேன்…"

"உங்ககிட்ட சொன்னா, ஒங்க வூட்டுல ஒல கொதிக்கறதுக்குள்ள டெய்சிக்குத் தெரிஞ்சிடும்னாரு."

விஜயராஜ் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். படங்களை ஒவ்வொன்றாகச் சரியான ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் பழசைக் காலி செய்தான்.

அந்த மரங்களில் பாதிக்கு மேல் இப்போது இல்லை. படங்கள் எல்லாம் இருக்கின்றன.