மௌஸ் அசையாத நேரம்

போனை வைத்துவிட்டு யுவராணி மடிக்கணினியை மூடினாள்.

"நாளைல இருந்து எனக்கு வேல இல்லையாம்" என்றாள், சோறு வெந்துவிட்டது என்று சொல்வதைப் போல.

எதிர் மேசையில் கணினியில் தட்டிக்கொண்டிருந்த கணவன் சுருளிராஜனுக்கு முதலில் காதில் ஏறவில்லை. தேனியில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்காக, உத்தமபாளையத்து வீட்டில் இருந்தபடியே அவள் காப்பீட்டு விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றிக்கொடுத்தாள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

அவனுடையது ஒரு வலைப்பூ. வேலையைச் சுலபமாக்கும் மென்பொருள்களைப் பழகிப் பார்த்துத் தமிழில் எழுதுவான். யாரிடமும் காசு வாங்கிக்கொண்டு நல்லபடியாக எழுதியதில்லை. எதையும் நிஜமான வேலையில் வைத்துப் பார்க்காமல் எழுதியதும் இல்லை. நினைவூட்டும் செயலி என்றால், குழாயில் தண்ணீர் வரும் நாளை அது ஞாபகப்படுத்துகிறதா என்று பார்ப்பான். பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள் என்றால், கம்பம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்று அதனிடம் பேசுவான். போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

"என்ன காரணம் சொன்னாக?"

"மௌஸ் அசையலையாம்."

அவன் தட்டுவதை நிறுத்தினான்.

ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தபோது அவன் அப்படி ஒரு மென்பொருளைச் சோதித்திருந்தான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் கையை அது கவனித்துக்கொண்டே இருக்கும். மௌஸ் ஓடினால் பச்சை. நின்றால் சிவப்பு. சோதிக்க நிஜமான ஆள் வேண்டும் என்று அவள் கணினியில்தான் போட்டான். அவளும் சரி என்றாள்.

முற்பகலில் ஒரு சிவப்பு, சாயங்காலம் ஒரு சிவப்பு. தினமும்.

அந்த நேரத்தில் அவள் எழுந்து வெளியே போவதைப் பார்த்திருக்கிறான். தெருப்பேச்சு என்று நினைத்துக்கொண்டான். கேட்டால் நாளையிலிருந்து போகமாட்டாள், சோதனை கெட்டுவிடும் என்று கேட்கவில்லை. அந்தச் சிவப்பைப் படம் பிடித்து, பெயரை மறைத்து, கட்டுரையில் போட்டான். 'துல்லியமாகக் காட்டிக்கொடுக்கிறது' என்று அதன் கீழே எழுதினான். அந்த வரி அவனுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

கொஞ்ச நாளில் அவள் அலுவலகமும் அதே மென்பொருளைக் கொண்டுவந்தது. அவள் வந்து சொன்னபோது, "நல்ல சாப்ட்வேர்தான்" என்றான்.

இப்போது அவனுக்குக் குரல் உயர்ந்தது.

"பாத்துக்கிட்டு இருக்காகன்னு தெரியுமில்ல? தெரிஞ்சும் எதுக்கு எந்திரிச்சுப் போன? அப்படி எங்கதான் போவ?"

அவள் சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பாஜிலா அக்கா வீட்டுக்கு. அப்புறம் டெய்லர் கட. மொக்கம்மா மதினி வீடு."

"அங்கன என்ன பேச்சு உனக்கு?"

"பேச்சு ஒண்ணும் இல்ல. அவுக போன வாங்கி உங்க பிளாக்கத் திறப்பேன். ஒண்ணொண்ணா கீழ வரைக்கும் தள்ளிவிட்டுட்டு, போனக் குடுத்துட்டு வந்துருவேன்."

வலைப்பூவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அவன் தினமும் எண்ணிப் பார்ப்பான்.

"ஆபீஸ்ல அதப் போட்டதும் போறத நிறுத்திப் பாத்தேன்" என்றாள். "அன்னையிலருந்து நீங்க ஒழுங்காச் சாப்பிடல. யாருமே வரலைன்னு சுவத்தப் பாத்து உக்காந்திருந்தீக. அப்புறம் ஒரு நா வண்டிய எடுத்துக்கிட்டு மேகமலைப் பக்கம் போனீக. எத்தன தடவ அடிச்சும் போன எடுக்கல."

அந்த நாள் அவனுக்கு மறக்கவில்லை. மலைப்பாதையின் ஒரு வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே தெரியும் பள்ளத்தையே பார்த்தபடி நின்றிருந்தான். சாயங்காலம் யாரோ ஒரு ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கவும் வண்டியை எடுத்துத் திரும்பி வந்தான். எதற்காகப் போனான் என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"மறுநா காலைல திரும்ப பாஜிலா அக்கா வீட்டுக்குப் போனேன்" என்றாள் யுவராணி.

அன்று ராத்திரி எண்ணிக்கை ஏறியிருந்தது, அவன் இட்லி சாப்பிட்டான். நம்மைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவளிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தான்.

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழவில்லை.

"வெளியாளு..." என்றான். திரும்பக் கேட்டான். "வெளியாளு ஒருத்தர்கூடவா படிக்கல?"

யுவராணி வயரை மடிக்கணினியின் மேல் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒருத்தர் படிச்சிருக்காக. எங்க மேனேஜரு. யாரு எழுதுனதுன்னு அவுகளுக்குத் தெரியாது. தமிழ்ல ஒருத்தர் தெளிவா எழுதியிருந்தாராம், அதப் படிச்சிட்டுத்தான் அந்த சாப்ட்வேர வாங்குனாகளாம்."

மடிக்கணினியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இப்ப போன்ல சொன்னாக. என்னையும் ஒரு தடவ படிச்சுப் பாக்கச் சொன்னாக."