நெற்றி ஈரம்

கொட்டாஞ்சேனை வீட்டில் குழந்தையைக் கொஞ்ச வந்தோர் பலர். கை கழுவியவர் எவருமிலர். புதிய வைரஸொன்று அந்தச் சிசுவைப் பற்றியது.

வைத்தியசாலையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று தாய் கொன்ஸ்ரன்ஸ் கெஞ்சினாள்: "மிஸ், ஞானஸ்நானம் இல்லாமப் போயிடுவான். நெத்தியில ஒரு சொட்டுத் தண்ணி விடுங்கோ. பேர் ஷெல்டன்."

"ஏலாது அக்கா. எல்லாரும் கொஞ்சினது போதாதே? இனி ஒண்டும் உள்ளுக்குப் போகாது," என்றாள் தாதி நிரோஷா.

சற்று நேரத்தில், மூடிய இன்கியூபேட்டர் பெட்டிக்குள் சிசுவின் நெற்றி நனைந்திருந்தது. நிரோஷா துடைத்தாள், மீண்டும் நனைந்தது. காய்ச்சல் வியர்வையென்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த பெட்டி வெறுமையாயிருந்தது. அதே வைரஸால், பெயர் வைக்கப்படாமலே, காலையில் இறந்த குழந்தையின் பெட்டி அது. அங்கே புதிதாய் விரித்த துணியிலும், தலை இருக்கவேண்டிய இடத்தில், ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.