நிரம்பி வழிந்த பார்வையாளர் பெஞ்சு

பன்னிரண்டு வருஷமாக நகர மன்றக் கூட்டத்தில் பார்வையாளர் பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. இன்றைக்கு உட்கார இடமில்லை. அடுத்த வாரம் தேர்தல். உறுப்பினர் பெதரிக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கடற்கரைக் கழிப்பறையைப் பூட்டி ஒரு மாசமாச்சு. யாராவது குறை சொன்னாங்களா? நிரந்தரமாவே மூடிடலாம்," என்று முழங்கினார்.

பெஞ்சில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். ஒருவர் எழுந்து போனால் உடனே இன்னொருவர் வந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா ஹில்டா, என் பேச்சைக் கேக்க வாசல் வரைக்கும் வரிசை நிக்குது," என்று மன்றத்து எழுத்தரிடம் கிசுகிசுத்தார்.

"வரிசை பக்கத்துக் கதவுக்குங்க. ஊர்ல இப்போ திறந்திருக்கிற ஒரே பொதுக் கழிப்பறை நம்ம மன்றத்துலதான் இருக்கு. முறை வர்ற வரைக்கும் இங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க," என்றாள் ஹில்டா. "அத்தனை பேருக்கும் ஓட்டு இருக்கு."