பாயில இருங்கோ

"ஐயா, கதிரையில இருக்காதேங்கோ. பாயில இருங்கோ," என்றாள் பெற்றிசியா.

தண்ணீர் கேட்டு வந்த பெரியவர் பாயில் உட்கார்ந்தார். தேநீர் வந்தது. சீனிக்குப் பதிலாக நகமளவு பனங்கட்டி.

"கொஞ்சம் கொஞ்சமாய்க் கடிச்சுக் குடியுங்கோ. அப்பதான் கடைசி மிடறு வரைக்கும் பனங்கட்டி காணும்."

இருட்டிக்கொண்டு வந்தது. அவளுடைய கணவன் வலன்ரைன் விளக்கை எடுத்தான்.

"மண்ணெண்ணெய் விக்கிற விலையில முகம் பார்க்க விளக்கோ? நிலவு வரட்டும்," என்றாள் பெற்றிசியா.

விளக்கு மேசைக்குத் திரும்பியது.

"விறகும் இல்லை ஐயா. இந்தக் கதிரையளில உடைஞ்ச ஒண்டையாவது கொத்துவம் எண்டால் விடுறாளில்லை," என்று அவன் பெரியவரிடம் முறையிட்டான்.

"உடைஞ்ச கதிரையிலயுமா மிச்சம் பிடிக்கிறியள், பிள்ளை?" என்றார் பெரியவர்.

"எங்கட சாமான் எண்டால் எப்பவோ எரிச்சிருப்பன். நாங்கள் முசலியில இருந்து இடம்பெயர்ந்து வந்தனாங்கள். இது இந்தியாவுக்கு வள்ளம் ஏறிப் போன ஆரோ ஒராளின்ர வீடு. அவையள் திரும்பி வரேக்க எல்லாம் வைச்சபடி இருக்க வேணும்."

பெரியவர் கடைசி மிடறையும் குடித்து முடித்தார். எழுந்து, மூலையில் பூட்டிக் கிடந்த அலுமாரியருகே போனார். மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் போட்டுத் திருப்பினார். அலுமாரி திறந்தது.

வலன்ரைன் யாரையும் கேட்காமல் விளக்கைக் கொளுத்தினான்.

"உடைஞ்சதை நாளைக்குக் கொத்துங்கோ, தம்பி," என்ற பெரியவர், பெற்றிசியாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நான் இப்ப கதிரையில இருக்கலாமோ?"