காற்று வரும் இடம்

தங்கத்தின் மாற்று பார்க்கும் அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில், காலை வெயில் ஆசிட் புட்டிகளின் கழுத்தில் மஞ்சளாகத் தங்கியிருக்கிறது. புது எக்ஸாஸ்ட் மாட்ட வந்த மெக்கானிக், பழையது எப்படி இழுக்கிறதென்று பார்க்க, ஆசிட் மேசையில் ஒரு புகைக்குச்சியைக் கொளுத்துகிறான். சுவரில் பழைய ஃபேன் கடகடக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் போதும், நெடியெல்லாம் வெளியே போய்விடுகிறது என்று இத்தனை வருடமும் நம்பிய ஆய்வுக்கூடக்காரர் கைகட்டி நிற்கிறார். அவர் மூக்குக்கு ஆசிட் வாடை உறைப்பது நின்று எவ்வளவோ காலமாயிற்று. புகை ஃபேன் பக்கம் ஏறவில்லை. யாரோ ஊதித் தள்ளியதுபோல் மேசையைத் தாண்டி, அறையின் குறுக்கே மெல்ல நடந்து, கதவோரம் ஆறு மாதமாக யாரும் உட்காராத பிரம்பு நாற்காலிக்குப் போகிறது. மெத்தையின் பள்ளத்தில் இறங்கி, கைப்பிடிகளில் வழிந்து, தோள் உயரத்துக்கு எழும்புகிறது.

“ஃபேன் தலைகீழா சுத்துது சார். காயில் கட்டினவன் வயரை மாத்திக் குடுத்திருக்கான். வெளிய தள்ளாம உள்ளதான் தள்ளுது. அங்க யாரு உக்காருவாங்க?”

அவர் நாற்காலிப் பக்கம் திரும்புகிறார்.

“என் வீட்டுக்காரி. தூசி ஒத்துக்கலைன்னு கடைசி வரைக்கும் இருமிக்கிட்டே இருந்தா. உள்ள போய்ப் படும்மான்னா கேக்க மாட்டா. இங்கதான் காத்து நல்லா வருதும்பா.”

மெக்கானிக் ஃபேனை நிறுத்த சுவிட்சை நோக்கிக் கை நீட்டுகிறான்.

“இருப்பா” என்கிறார். குச்சி அணைந்துவிட்டது. நாற்காலியிலிருந்து புகை இன்னும் எழுந்திருக்கவில்லை.