லட்சம் பேருக்கு அப்பா

அப்பாவின் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்த மகள், திடீரென்று முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். எதிரே நின்ற மருமகன் கைப்பேசியைச் சிறிதும் அசைக்காமல் பிடித்திருந்தார்.

“என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா?” என்று பெரியவர் பதறினார்.

“சந்தோஷம்தாம்ப்பா. நீங்க கேமராவைப் பாத்துச் சிரிங்க. அப்படியே எல்லாருக்கும் கையைக் காட்டுங்க.”

அவர் காட்டினார்.

இந்த வீட்டுக்கு அவர் வந்த புதிதில் கிடைத்த இடம், துணி துவைக்கும் இயந்திரத்தை ஒட்டி ஒரு மடக்குக் கட்டில். எங்கோ தொலைவில் ஒரு முதியோர் இல்லத்தைக்கூட மருமகன் பார்த்துவைத்திருந்தார்.

ஒருநாள் மகள் கொடுத்த தேநீரை வாயில் வைத்த பெரியவர், “இது டீயா, டம்ளர் கழுவின தண்ணியா?” என்று கேட்டார். அதை அவள் விளையாட்டாகப் படம்பிடித்து வலையேற்றினாள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து தினமும் ஒரு டம்ளர், ஒரு வசவு. பின்தொடர்வோர் லட்சத்தைத் தாண்டியபோது, கட்டில் முன்னறை ஜன்னலோரத்துக்கு வந்தது.

“எடுத்த எடுப்புல டீத்தூள் வித்திருந்தா எவன் வாங்குவான்? முதல்ல கூட்டம் சேர்க்கணும் மாமா, அப்புறம்தான் சரக்கை இறக்கணும்” என்பார் மருமகன். பெரியவரின் முகம் அச்சிட்ட ‘அப்பா டீ’ இன்று மாலை விழா மேடையில் விற்பனைக்கு இறங்குகிறது.

ஒரே ஒரு குறை: சில வாரங்களாகப் பார்ப்பவர்கள் குறைந்துவந்தார்கள். “அதே திட்டு சலிச்சுப்போச்சு. ஏதாவது பெருசா பண்ணணும்” என்று மருமகன் முணுமுணுத்தது பெரியவர் காதிலும் விழுந்தது. வியாபாரம் ஓடிவிட்டால் முதியோர் இல்லப் பேச்சு இனி எழாது. அதற்காகவே, மேடையில் திட்டுவதற்குப் புது வசவு ஒன்றை அவர் யோசித்துவைத்திருந்தார்.

மதியத்திலிருந்து மகளின் கைப்பேசி ஓயவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் கொல்லைப்புறம் போய்த் தழைந்த குரலில் பேசினாள்.

“ஆர்டராம்மா?”

“ஆமாப்பா, குவியுது.”

மாலையில் புதுச் சட்டையும் பூரிப்புமாக வாசலுக்கு வந்த பெரியவரை, மருமகன் பாய்ந்து உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டார்.

“மாமா, அறிவிருக்கா? யாராவது பாத்துட்டா?”

“என்ன மாப்பிள்ளை, நான் இல்லாம விழாவா?”

“பின்பக்கம் முதியோர் இல்லத்து வண்டி நிக்குது. பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு, கிளம்புங்க.”

பெரியவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி முன் நின்றவள், அழுத கண்கள் போதுமான அளவு சிவந்திருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டே சொன்னாள்:

“நீங்க காலையிலயே செத்துட்டீங்கப்பா.”